கோடு போடாத கட்டம்

பாய்,

நேற்று ஓர் அலுவலகத்தில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது ஆலோசனைக்குக் கூப்பிடுகிறார்கள். யாரோ அமைத்து, ஒரு குறிப்புகூட எழுதி வைக்காமல் போய்விட்ட டேட்டாபேஸ் அது. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். அட்டவணைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் திரையில் வந்து நின்றன. எது எதோடு சேர்கிறது என்று காட்டும் கோடுகள் தாமாகவே ஓடின. ஒரு கட்டம் மட்டும் மூலையில் தனியாக நின்றது. "இது எதோடயும் சேரல சார், தூக்கிடலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

உங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை இத்தனை வருஷம் எழுதாமலே இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், படிக்க நீங்கள் இல்லை. அந்த வசதியை நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதி. பொன்னேரியில், ஏரிக்கரைக் குப்பங்களைக் கணக்கெடுக்கும் திட்ட அலுவலகத்தில் நீங்கள் எழுத்தர். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவீர்கள். இரண்டு வருஷம் குப்பம் குப்பமாக நடந்து எழுதியதை, அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் நீங்களே ஏற்றியிருந்தீர்கள். குடும்பம் ஒரு ஃபைல், படகு ஒரு ஃபைல், வலை ஒன்று, வீடு ஒன்று. யாரும் சொல்லித் தராமல், தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு செய்த வேலை. எந்த ஃபைல் எதோடு சேரும் என்பது உங்கள் தலைக்குள்தான் இருந்தது. அதைப் படமாக வரைந்து தரத்தான் என்னைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் தலைமை அலுவலகத்துக்கு ஃபைல்களை மாற்றுவார்கள். அதிலிருந்துதான் மீனவர் அட்டைக்குப் பட்டியல் எடுப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உங்களிடம் கேட்டு வரைவது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, ஒரே பெயரில் உள்ள கலங்களை, அதாவது தகவல் பத்திகளை, தேடி, அவற்றுக்கு நடுவே கோடு போடும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். பிரிண்டர் கறகறவென்று ஓடி, நட்சத்திரக் குறிகளால் கட்டமும் சிறு கோடுகளால் இணைப்பும் போட்டுத் தள்ளியது. நீங்கள் பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி சிரித்தீர்கள். "இன்னா சார் இது! ரெண்டு வருசமா நான் தலையில சொமந்துகினு இருந்தத ஒரு பேப்பர்ல எறக்கிட்டீங்களே!"

அப்புறம் காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தீர்கள். கைப்பிடி ஃபைல் தனியாக நின்றது. படகும் இல்லாமல் வலையும் இல்லாமல், ஏரிச் சேற்றில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களைப் பற்றிய ஃபைல்.

"இதுக்கும் குடும்பத்துக்கும் கோடு வரணுமே சார்."

"கலத்தோட பேர் வேற பாய். மத்ததுல எல்லாம் குடும்பம்னு இருக்கு. இதுல அடுப்புனு இருக்கு."

"அவங்க கிட்ட போயி கதவு நம்பர் கேட்டா, கதவே இல்லையேனு சிரிச்சாங்க. எத்தினி அடுப்பு எரியுதுனு கேட்டுத்தான் எழுதினேன். அதனால அந்தப் பேரு. நம்பர் அதே குடும்ப நம்பர்தான் சார்."

எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று என்னை ஏரிக்கே கூட்டிக்கொண்டு போனீர்கள். இடுப்பளவு தண்ணீரில், ஓலையால் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார் கன்னியம்மாள். உங்களைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா பாய், மறுபடியும் எழுத வந்தியா?" என்று சிரித்தார். திரும்பி வந்ததும் இரண்டு ஃபைலையும் திறந்து காட்டினீர்கள். குடும்பத்தில் இருநூற்றுப் பதினாலு கன்னியம்மாள். அடுப்பில் இருநூற்றுப் பதினாலும் கன்னியம்மாள். பத்து இடத்தில் பார்த்தோம். பத்தும் சரி. "நாளைக்குச் சேர்த்துடறேன்" என்றேன்.

மறுநாள் காலையில், நான் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே திட்ட அதிகாரி படத்தைக் கேட்டார். பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் புரோகிராமே வரைந்தது, கை படவே இல்லை என்று முந்தின நாளே அவரிடம் பெருமை அடித்திருந்தேன். அவர் படத்தை விரித்து, "இந்த ஒண்ணு மட்டும் ஏன்யா தனியா நிக்குது?" என்றார்.

"பேர் தப்பா வெச்சிருக்காங்க சார். புரோகிராம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப தேவையில்லாத ஃபைலா?"

நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். "அப்படித்தான் தெரியுது சார்" என்றேன். நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். "படிச்சவர் சொல்றார்ல, நீ இருய்யா" என்றார் அதிகாரி. கோடு உள்ள ஃபைல்கள் மட்டும் சென்னைக்குப் போயின. என் படத்தைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

கைப்பிடி ஃபைல் போகாததால், படகும் வலையும் இல்லாத குடும்பங்கள் மீனவர் இல்லை என்று பட்டியல் முடிவு செய்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் புயல் அடித்தது. அரிசியும் துணியும் அட்டை உள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. குடிசை போன கன்னியம்மாள், ஐந்தாறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஈரப் புடவையோடு பொன்னேரிக்கு வந்தார்.

"நீதான பாய் வந்து எழுதிகினு போன? எங்க பேரு மட்டும் எங்க போச்சி?"

நான் கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்தேன். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் எல்லாம் கேட்டது. உங்கள் குரல் தாழ்ந்து வந்தது. "எம்மேலதான்மா தப்பு. பேர மாத்தி வெச்சிட்டேன்." யாரோ ஒரு பெண் அழுதார். கன்னியம்மாள் உங்களைத் திட்டவில்லை. "உன்னிய நம்பித்தான சொன்னோம்" என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து கதவைத் திறக்கவில்லை. விசைப்பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றுமே இல்லை.

உங்களைத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். என் வேலை முடிந்துவிட்டது என்று சென்னைக்குத் திரும்பினேன். பதவி உயர்வும் வந்தது. அடுத்த வருஷம் உங்களிடமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம். விடுமுறை நாட்களில் திரும்பவும் வீடு வீடாகப் போய், எல்லாரையும் கையால் எழுதி, மனு போட்டு அலைந்திருக்கிறீர்கள். 'கன்னியம்மாளுக்கு அட்டை வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று எழுதுகிறேன்.' ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேனோ என்னவோ. அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போன மாதம் பழவேற்காட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் டீ கொடுத்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "வாப்பா உங்களப் பத்தி நெறைய சொல்வாரு சார். ஒரு பேப்பர்ல எல்லாத்தயும் வரைஞ்ச கெட்டிக்காரர்னு. நாந்தான் பேர தப்பா வெச்சி அவர் வேலைய கெடுத்துட்டேன்னு கடசி வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்காவது வாய் திறந்தேன். நீங்கள் முந்தின நாளே எல்லாவற்றையும் காட்டியதையும், எண்கள் சரியாக இருந்ததையும், அதிகாரி முன்னால் நான் சொன்னதையும், ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் மகள் எதிரில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில், "தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?" என்றார்.

"என் பேர் கெட்டுடும்னு பயந்தேன்மா."

ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கோபமில்லாமல் சொன்னார்.

"எங்க வாப்பாவுக்கும் பேரு இருந்திச்சே சார்."

அந்த வார்த்தையைத்தான் பாய், இப்போது நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அதைக் கீழே இறக்கி வைக்க எனக்கு உரிமையில்லை.