மூன்றாவது ஓட்டக்காரி

ஜூன் 9, திங்கள்

பருவத்தின் முதல் காலைக் கூட்டம். நான் விசில் ஊதினால்தான் இந்தப் பள்ளியில் பொழுது விடியும். பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கு விசிலை வாயில் வைக்கும்போதே தலைமையாசிரியை கையைக் காட்டினார். "இருங்க பி.டி. டீச்சர், இனிமே பாட்டோட ஆரம்பிக்கலாம்." புதுப் பாட்டு டீச்சர் மேடை ஏறினாள்.

ஏறியது யார்? என் கொழுந்தன் பெண்டாட்டி. என் சொந்த ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. மாமியார் வாயில் நான் பெரியவள், அவள் சின்னவள்.

அவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டதும் நானேதான். பழைய பாட்டு டீச்சர் வேலையை விட்டுப் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்லயே ஒருத்தி இருக்காளே" என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

நன்றாகத்தான் பாடினாள். அதுதான் எரிகிறது.

ஜூன் 12, வியாழன்

ஒரே ஸ்கூட்டரில் போகிறோம். நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருகிறாள். வாசலில் இறங்கியதும் அவள் பையை வாங்கிக்கொள்ள நாலைந்து பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். என் பந்து மூட்டையை நானே தோளில் போட்டுக்கொண்டு போகிறேன். அதற்கென்ன, எனக்குத் தோள் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று மனசு நன்றாக இருக்கிறது. தொடரோட்டத்துக்கு நாலு பேரும் அமைந்துவிட்டார்கள்.

ஜூலை ஐந்தில் வட்டாரப் போட்டி. மற்றதெல்லாம் ஜெயித்திருக்கிறோம், தொடரோட்டக் கோப்பை மட்டும் நான் வந்ததிலிருந்து எங்கள் அலமாரிக்கு வந்ததே இல்லை. இந்த முறை வரும். என்னிடம் குருவி இருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி, பெரிய கண், ஓயாத வாய். பிள்ளைகள் வைத்த பெயர்தான் குருவி. ஆறாம் வகுப்பில் தாமதமாக வந்து, கேட்டை மூடுவதற்குள் புகுந்துவிட ஓடினாளே, அன்றைக்கே பிடித்துப் போட்டேன். மூன்றாவதாக அவள் ஓடி, கடைசி ஓட்டக்காரி நெட்டையிடம் பேட்டன் குச்சியைக் கொடுக்கவேண்டும். நெட்டை திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். பின்னாலிருந்து குருவி "கை!" என்று கத்தவேண்டும். கத்தினதும் நெட்டை கையைப் பின்னால் நீட்டுவாள். குருவி கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவனே கையை நீட்டுவான். அப்படி ஒரு தொண்டை.

என் பெண் அவள். எனக்குப் பெண் பிறந்திருந்தால் இப்படித்தான் ஓடவிட்டிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

அந்தத் தொண்டை சின்னவள் காதிலும் விழுந்துவிட்டது!

மதியம் பாட்டு அறையைத் தாண்டிப் போகிறேன், நடுவில் நிற்கிறாள் குருவி. சுற்றி இருபது பேர், தனிக் குரல் மட்டும் இவளுக்கு. ஜூலை பன்னிரண்டில் குழுப்பாட்டுப் போட்டியாம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "டீச்சர், நான் ரெண்டும் பண்றேன் டீச்சர். காலையில ஓட்டம், சாயங்காலம் பாட்டு. ப்ளீஸ் டீச்சர்."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சா ஓட முடியுமாடி?" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது சின்னவள் பின்னாலிருந்து, "உங்க குருவிய நான் கொஞ்சம் கடன் வாங்கிக்கிறேன்க்கா" என்றாள். கடனாம். புருஷன் வீட்டுக்கு வந்த முதல் வாரம் என் சீப்பையும் இப்படித்தான் வாங்கினாள். இன்னும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

என் வீட்டுக்காரர் குளியலறையில் அந்தக் குழுப்பாட்டை முனகுகிறார். என்னத்தைச் சொல்ல.

ஜூன் 28, சனி

இந்த அரைப் பருவத்தில் மூச்சு விட நேரமில்லை. முதலுதவிப் பயிற்சி, ஓவியப் போட்டி, வினாடி வினா, அறிவியல் கண்காட்சிக்கான ஏற்பாடு. கணக்கு டீச்சர்கூட நூலக மூலையில் சதுரங்கம் என்று ஆறேழு பெண்களை வைத்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பதும் விளையாட்டுக் கணக்கில் வருகிறதாம். வரட்டும்.

என் கைப்பந்து அணி நேற்று இரண்டாம் இடம் வாங்கி வந்தது. பிள்ளைகளுக்கு முட்டியெல்லாம் சிராய்ப்பு. காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரே வரியில் முடித்துவிட்டார். அதே கூட்டத்தில், அதிகாரி ஒருவர் வந்தார் என்று பாட்டுக்குழு பாடியது. அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார்! "நம்ம பள்ளிக்கே ஒரு புது உயிர் வந்திருக்கு." அப்படியானால் இத்தனை நாள் நான் பிணத்துக்கா உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன்?

வீட்டில் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று மாமியாரிடம் போனேன். "சின்னவ பாடினாளாமே, எனக்கும் ஒரு நாள் கேக்கணும்" என்றார். மனுஷிக்கு என் கைப்பந்து எந்தக் காதிலும் ஏறவில்லை.

இது பொறாமைதானா? ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன். யார் படிக்கப்போகிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் அடுப்படியில் சின்னவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை, வெந்நீர், போட்டி, பிள்ளைகள் என்று. மாமியார் அவள் போட்ட டீயைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என் காது அந்தப் பக்கம் இருந்தது. "ம்" என்று வைத்தேன்.

மைதானம் முழுக்கக் கண்காட்சிப் பந்தல். இந்த வாரம் ஓட்டப் பயிற்சி கிடையாது. பரவாயில்லை, என் நாலு பேரும் தூக்கத்தில்கூட பேட்டன் மாற்றுவார்கள்.

ஜூலை 4, வெள்ளி

நாளைக்கு. சட்டை நம்பர்களைத் தைத்தாயிற்று. நானே ஓடப்போவது மாதிரி என் ஷூ நாடாவை ரெண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

ஜூலை 5, சனி

போச்சு.

எல்லாம் போச்சு. முதல் ரெண்டு பேரும் பறந்தாளுங்க. குருவி வாங்கும்போது மூணாவது இடம். வளைவுல ரெண்டு பேரையும் முந்திட்டா. நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டிருந்தேன். நெட்டை ஓட ஆரம்பிச்சுட்டா. குருவி கிட்ட வந்துட்டா. வாயைத் திறந்தா — சத்தம் வரலை. உதடு மட்டும் அசையுது. கத்துடி, கத்துடின்னு நான் இங்கேர்ந்து கத்தறேன். நெட்டை கையை நீட்டவே இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? மாத்திக்கொடுக்கிற எல்லைக் கோட்டைத் தாண்டிட்டா. கொடி ஏறிடுச்சு. எங்க அணி போட்டியிலேர்ந்து வெளியே.

"ஏன்டி கத்தலை?" என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "பாட்டுப் போட்டி வரைக்கும் கத்தக்கூடாதுன்னு பாட்டு டீச்சர்... மெதுவா சொன்னேன் டீச்சர். அவளுக்குக் கேக்கும்னு நெனச்சேன்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. மற்ற பள்ளிக்காரர்கள், நடுவர், எல்லாரும் இருந்தார்கள். "பாடறவளுக்குக் கால் எதுக்குடி? போ, போய்ப் பாடு!" என்றேன்.

அவள் அழவில்லை. பேட்டன் அவள் கையிலேயே இருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் இன்று ரகளை. "உன் பாட்டு என் ரிலேவை முழுங்கிடுச்சு" என்று ஆரம்பித்தேன். சின்னவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் உங்ககிட்ட சொன்னேனேக்கா! செவ்வாக்கிழமை, இதே அடுப்படியில. குருவி கத்தாம இருக்கணும், ஓட்டத்துக்கு ஒத்து வருமான்னு கேட்டேன். 'ம்'னீங்க!"

ம் என்றேன். ஆமாம், என்றேன்.

அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவதா? "ம்னா சரின்னு அர்த்தமா?" என்று இன்னும் சத்தம் போட்டேன். மாமியார் உள்ளிருந்து, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி வெந்நீர் குடிங்கடி" என்றார்.

ஜூலை 9, புதன்

சின்னவள் பேருந்தில் போகிறாள். என் ஸ்கூட்டரின் பின் இருக்கை காலி. நிம்மதி என்று எழுத நினைத்தேன்.

குருவி காலைப் பயிற்சிக்கு வரவில்லை. நேற்றும் வரவில்லை. வேறெங்கே போயிருப்பாள்? பாட்டு அறையில் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருப்பாள். பெற்றால்தான் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். வாசல் வழியாகப் போனால் கண்ணில் படுமே என்று பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். எனக்கே கேவலமாக இருந்தது.

ஜூலை 12, சனி

பாட்டுக்குழு இரண்டாம் இடம்.

உண்மையைச் சொன்னால், முதலிடம் இல்லை என்று கேட்டதும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் சின்னவள் மொட்டைமாடியில் துணி எடுக்கிறேன் என்று போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"குருவிய நீங்கதானேக்கா வராம தடுத்தீங்க?" என்றாள்.

"நானா? அவ உன்கிட்டதானே இருக்கா?"

"நாலஞ்சு நாளா வரலை. இன்னைக்கும் வரலை. தனிக் குரலுக்குக் கடைசி நேரத்துல வேற பொண்ணு."

கொடியில் இருந்த துணியை நானும் எடுக்க ஆரம்பித்தேன். பிறகு அவளே சொன்னாள். ஓட்டம் தோற்ற பிறகு திங்கட்கிழமை குருவி பாட்டு அறைக்கு வந்திருக்கிறாள். இவள் முதலில் அவள் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைத்தான் பார்த்திருக்கிறாள். "'நல்லவேளை, கத்தலை. அதுவே போதும்டி'ன்னு சொல்லிட்டேன்க்கா. அவ தோத்துட்டு வந்திருக்கான்னுகூட தோணலை."

ஆக, நான் குருவியின் காலைப் பார்த்தேன். இவள் தொண்டையைப் பார்த்தாள். துணியை மடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்

கிடைத்துவிட்டாள். நூலக மூலையில், கணக்கு டீச்சருக்கு எதிரில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

சதுரங்கம்! குருவி! ஒரு இடத்தில் உட்காரமாட்டாளே அவள்!

வெளியே வரும்வரை காத்திருந்தேன். சின்னவளும் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். குருவி எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாதுடி. தப்பு என்மேலதான்" என்றேன்.

"பரவால்ல டீச்சர்."

"எங்க ரெண்டு பேர் மேலயும் கோவமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"கோவம்லாம் இல்ல டீச்சர். இங்க யாரும் என்னைக் கத்துன்னும் சொல்றதில்ல, கத்தாதேன்னும் சொல்றதில்ல. அதான்."

மணி அடித்தது. "போறேன் டீச்சர்" என்று வகுப்புக்குப் போய்விட்டாள். நடந்துதான் போனாள்.

ஜூலை 18, வெள்ளி

சின்னவள் மறுபடி என் வண்டியில் வருகிறாள். இரண்டு நாளாக ஒரே பேச்சுதான்.

"அந்தக் கணக்கு டீச்சர் வகுப்புல பேசறது முதல் பெஞ்சுக்கே கேக்காதுக்கா. அவங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நாம அடிச்சுக்கிட்டோம், அவ அள்ளிக்கிட்டா."

"சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு டீச்சரா?"

சிக்னலில் நின்றபடி இரண்டு பேரும் சிரித்தோம். அவளோடு சேர்ந்து சிரித்தது, எனக்கு நினைவு தெரிந்து, இதுதான் முதல் தடவை. சிரித்து முடித்த பிறகும் நெஞ்சில் அதே எரிச்சல்தான். ஆனால் பங்கு போட ஆள் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

அரைப் பருவம் முடிந்தது. காலைக் கூட்டத்தில் சாதனைகளை வாசித்தார்கள். கைப்பந்து, பாட்டு, ஓவியம், கண்காட்சி. தொடரோட்டம் என்ற சொல்லே வரவில்லை. கடைசியில், வட்டாரச் சதுரங்கத்தில் ஆறுதல் பரிசு என்று குருவியைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பொறுமையாக நடந்து வந்தாள். கணக்கு டீச்சர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மார்தட்டக்கூடத் தெரியவில்லை அந்த அம்மாவுக்கு. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சின்னவள் கைதட்டிக்கொண்டே, "ஆறுதல் பரிசுதானேக்கா" என்றாள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வண்டியை எடுக்க வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் பேருந்து கிளம்பிவிட்டது. கேட்டுக்குள்ளிருந்து குருவி பாய்ந்து வந்தாள். முதுகில் பை, கக்கத்தில் சதுரங்கப் பலகை. எங்களைக் கவனிக்கவில்லை. சாலையில் இறங்கி, பேருந்தின் பின்னால் ஓடினாள், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு. அப்படி அவள் என் மைதானத்தில் ஒரு நாளும் ஓடியதில்லை.

"என்ன ஓட்டம்க்கா அது!" என்றாள் சின்னவள்.

எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பேருந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.