வண்டியில் நான் எழுதிய சிவப்பு எழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் வழக்கம்போல் வீட்டை ஆள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லையம்மா, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமைதோறும் சந்தைக்குப் பின்னால் ஒரு மருத்துவ வண்டி வந்து நிற்கும். சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்கள், எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கான மாத்திரையும் அதே வண்டியில்தான். துருப்பிடித்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி அதன் டிரைவர் போன மாதம் வண்டியை என் கடையில் விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் போர்டு எழுதுகிற கை, வெற்றிடத்தைக் கண்டால் சும்மா இருக்காதே. நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, யாரையும் கேட்காமல், 'எச்.ஐ.வி. சிகிச்சை இங்கே இலவசம்' என்று ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பில் எழுதி நிழலும் கொடுத்தேன். டிரைவரும் பிரமாதம் என்றுதான் எடுத்துப் போனார். மறுநாள் நர்ஸம்மா பார்த்துப் பதறி, படுக்கை விரிப்பைக் கட்டி மறைத்தாராம், அதற்குள் சந்தையே படித்துவிட்டது. முப்பது பேர் வருகிற இடத்தில் அன்று நாலு பேர். சாயங்காலம் நர்ஸம்மா கடைக்கு வந்தார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. "யாரு எதுக்கு வர்றாங்கன்னு தெரியாம இருந்ததாலதாங்க எல்லாரும் வந்தாங்க" என்றார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று நான் வேறு வாயாடினேன்.

உன் சித்தப்பா செவ்வாய்தோறும் சர்க்கரை பார்த்துவிட்டு நம் வீட்டில் டீ குடிப்பான் அல்லவா, அதன் பிறகு மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள் என்று பழியை அவள் தலையில் போட்டேன். போய்ப் பார்த்தால் அறையைச் சாத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். அவனுக்குச் சர்க்கரையே இல்லையம்மா. ஆறு வருஷமாக அந்த மாத்திரையில்தான் நன்றாக இருந்திருக்கிறான், அது தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எனக்கு ஏணி பிடித்தே வளர்ந்தவன், "தெருமுனையிலேயே உன் எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணா, என் பேரையே எழுதின மாதிரி இருந்துச்சு, திரும்பிட்டேன்" என்றான். ஆறு வருஷம் என்னிடம் சொல்ல முடியாதபடி நான் என்ன அண்ணன், வெட்கமாக இருக்கிறது.

அவன் சம்மதித்த பிறகு நர்ஸம்மாவை அழைத்துப் போனேன், மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார், தேறி வருகிறான். வண்டிக்கு வெள்ளை அடித்தேன், சிவப்பு கசிந்து கசிந்து மேலே வந்தது, மூன்றாவது பூச்சில்தான் அடங்கியது. போன செவ்வாய் நானும் அம்மாவும் வரிசையில் நின்று எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டோம். எங்களைத் தவிர பத்தொன்பது பேர் வந்தார்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்த முப்பதில் இன்னும் வராத மீதிப் பதினொரு பேர் யாரென்று நர்ஸம்மா சொல்லமாட்டார், நான் கேட்கவும் கூடாது. சந்தையில் ஒவ்வொரு முகமாக இவரா அவரா என்று பார்க்கிறேன், அப்படிப் பார்ப்பதும் தப்பு என்று உடனே தலையைக் குனிந்துகொள்கிறேன்.

சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகே இதைத் தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் செய்ய மறக்காதே, உடம்பைப் பற்றி அவனாகச் சொன்னால் மட்டும் கேள். குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் கேட்டுவிட்டு எழுதப்போகும்
உன் அப்பா