முன்தூணில் வைத்த ரப்பர் மரம்

இன்று காலை பாறசாலை சந்தியில் சாயா குடிக்கப் போன இடத்தில், பேப்பரில் நம்முடைய காரைப் பார்த்தேன். அதை வாங்கிய கொச்சிக்காரர் மறுபடி விற்கிறாராம். கையால் கட்டிய உடம்பு, உள்ளே மரச்சட்டம் முழுக்க உளுக்காத அயினி, ஒரு குறையும் இல்லை என்று படத்துக்குக் கீழே மலையாளத்தில் போட்டிருந்தது. பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ போய் ஆறு வருடம் ஆகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வீடு தள்ளி இருந்தவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

அதியன்னூரில் ஒரு பழைய டாக்டர் வீட்டு ஷெட்டில், கோழி அடைகாத்துக் கிடந்த அந்த வண்டியை நீ லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சீமையில் ஒரு கம்பெனி இஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் செய்து கொடுக்க, வேறொரு பட்டறையில் மரத்தால் கூடு கட்டி அதன்மேல் தகரம் போர்த்திய, பெரிய மனிதர்கள் ஏறிய காலத்து வண்டி. தகரவேலை நீ, மரவேலை நான். மூன்று வருடம் வேறு வேலையே எடுக்காமல் அதிலேயே கிடந்தாய். லில்லி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டாக்கடைக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். "இந்தத் தகரத்தயே கெட்டிப் பிடிச்சிட்டு கிடங்க. வித்தாச்சுண்ணா ஆளனுப்புங்க, வாறேன்" என்று பஸ் ஏறும்போது சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வண்டியை விற்பது என்பது உனக்கு வேறு விஷயமாகிவிட்டது.

மரத்தின்மேல் தகரம் அடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பது உன் வழக்கம். நான் கேலி செய்வேன், "என்னடே, மரத்துக்கு நாடி பாக்குதியா?" என்று. நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "தகரத்துக்கு உள்ள இருக்கியத ஆண்டவரும் நீயும் மட்டுமாக்கும் பாத்தது. ஆண்டவரு வந்து சொல்ல மாட்டாரு."

இடது பக்க முன்தூண், கதவின் கொண்டி வந்து மாட்டும் தூண், துளை போடும்போது நீளத்துக்கும் பிளந்துவிட்டது. அந்த வளைவுக்கு இன்னொரு அயினித் தடி தேட மரடிப்போவுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருவதாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்திருந்தது. என் வீட்டுக்குப் பின்னால் வெட்டிப் போட்ட ரப்பர் தடி கிடந்தது. அது அடுப்புக்கும் தக்காளிப் பெட்டிக்கும்தான் ஆகும் என்று இங்கே பால் வெட்டுகிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சீவி, நிறம் ஏற்றி, தூணாக நிறுத்தினேன். விற்ற பிறகு வாங்கியவன் பாடு என்று நினைத்தேன்.

அன்று உனக்குக் காய்ச்சல். போர்வையோடு வந்து கேட்டாய், "எலே மக்கா, அயினிதானே வச்சே?"

"பின்னே? அயினியாக்கும்."

"அப்போ செரி" என்றாய். தட்டிப் பார்க்காமலே தகரத்தை எடுத்தாய்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. இடவப்பாதி மழை முழுக்க வண்டி பட்டறையிலேயே நின்றது. ஆவணியில் ஒரு நாள் இடது பக்கக் கால்பலகையில் அரிசிமாவு போலப் பொடி கிடந்ததைப் பார்த்தேன். உள்ளே ரப்பர் தூண் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நாலு நாள் வேலை, நாலு நாள் திட்டு, அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் மூன்று முறை கூட்டினேன்.

கொச்சிக்காரர் வந்த அன்று, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நீ இடது பக்கம் ஏறினாய். "வித்தாச்சு மக்கா, லில்லிக்கு ஆளனுப்பணும்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். இறங்கு என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாங்க வந்தவர் முன்னால் பொய்யன் ஆகிவிடுவேனே என்ற வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நெய்யாற்றின்கரை போகும் வழியில், வளைவில் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. அந்தக் கதவுக்குக் கீல் பின்பக்கம். காற்று அதை வாரி எறிய, அதில் சாய்ந்திருந்த நீயும் கூடவே போனாய். சேதி கேட்டு நான் ஓடிப் போனபோது உன்மேல் யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். தூணில் அடித்திருந்த கொண்டித்தகடு ரோட்டில் கிடந்தது. அதன் ஆணிகளில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கும் முன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கதவைச் சரியாக அடைக்கவில்லை, அவன் விதி என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். போலீசும் அதையே எழுதியது. பதினாறு நாள் கழித்து நல்ல அயினியில் தூணை மாற்றிக் கொடுத்தேன். வண்டி விலை போயிற்று.

லில்லி திரும்பி வந்துவிட்டாள், உன் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்வாள்: "கதவ அடச்சியளா? ஒங்க அப்பன் ஒரு கதவ ஒழுங்கா அடைக்கத் தெரியாம போனவனாக்கும்." எத்தனையோ தடவை அவள் அரிந்து தந்த பலாச்சக்கையைத் தின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறேன்.

நீ அடைத்தாய் மக்கா. அடைத்து, இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாய். பட்டறை வாசலில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.