பின்னட்டையில் கொடுத்த வாக்கு

பண்டாரவளை
11.02.1979

என் செல்லத் தங்கத்துக்கு,

உன் சிநேகிதி ஸுல்பி எழுதுவது. நான் சுகம். படிப்பிக்க வந்த இந்த மலையின் குளிர்தான் எலும்புக்குள் இறங்கி என்னைக் கொல்கிறது. நம்முடைய உப்புக் காற்றை ஒரு போத்தலில் அடைத்து அனுப்ப முடிந்தால் அனுப்பு.

உன் அம்மாவின் உடம்பு எப்படி? உன் தம்பி அமிர்தலிங்கத்தைப் பற்றி ஏதும் செய்தி உண்டா? போன கார்த்திகைச் சூறாவளிக்கு முதல் நாள் கடலுக்குப் போனவன். மூன்று மாதமாகிறது. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவனுக்காகத் துஆக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

இனி உன்னோடு சண்டை. நம்முடைய கையெழுத்துப் பத்திரிகை சைக்கிளில் துணி விற்கும் ஜவுபர் காக்காவின் மூட்டைக்குள் இருந்து ஊரெல்லாம் சுற்றிவிட்டு நேற்றுத் தபாலில் என்னிடம் வந்தது. உள்ள ஒரே பிரதியும் கிழியாமல் வந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. என்னுடைய கோழிக் கிறுக்கலை நீ உன் முத்தெழுத்தில் பிரதியெடுத்த பிறகு 'செவ்வாய்த் தோணி' நான் எழுதிய கதைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எல்லாம் சரி. பின்னட்டையில் சிவப்பு மையால் என்ன எழுதி வைத்திருக்கிறாய்? "இரண்டாம் பாகத்தில் நூறா திரும்பி வருவாள்! காத்திருங்கள்!"

உனக்கு யாரடி அப்படிச் சொன்னது? செவ்வாய்க்குப் போகும் விண்தோணியைப் பழுது பார்க்க வெளியே போன நூறா, கயிறு அறுந்து வான்வெளியில் போய்விட்டாள். அவளிடம் இரண்டு மணித்தியாலக் காற்றுத்தான் இருந்தது. சூறாவளிக்கு முன்பே எழுதிய முடிவு இது. நீயும் நல்லது என்றுதானே சொன்னாய்? இப்போது வீடு வீடாக வாசித்தவர்கள் எழுதிய வாசகர் பக்கம் முழுவதும் ஒரே கூத்து. கதையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, உன் பின்னட்டையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை அந்த வாக்கை வெட்டிவிடு. உன்மேல் பாதிக் கோபம்தான். மற்றப் பாதியை நேரில் வந்து தருகிறேன்.

உன்,
ஸுல்பி


பெரியநீலாவணை
02.03.1979

என் கண்ணான ஸுல்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். சூறாவளிக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். அதற்காகவே உன் கோபத்தை மன்னிக்கிறேன்.

தென்னை ஒன்றும் மிஞ்சாமல் ஊர் மொட்டையாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. கோயில் மண்டபத்தில் வைத்துத்தான் படிப்பிக்கிறோம்.

வாக்கை வெட்டச் சொல்கிறாய். விட்ட வார்த்தையை இனி எப்படிப் பிடிப்பது? உனக்குப் பத்திரிகைக் கொப்பியை அனுப்பிய பிறகும் சண்டை ஓயவில்லை. மருதமுனை வாத்தியார் மர்சூக் சேர், "ரெண்டு மணித்தியாலக் காத்தோட போனவள் திரும்பி வந்தா, நான் இந்தக் கொப்பியத் தொடமாட்டன்" என்கிறார். ஒலுவில் ஸைனம்பு ராத்தா அவருக்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறா: "படைச்சவன் நாடினா காத்தென்ன, கயிறென்ன?" நாவிதன்வெளிக் கதிர்காமன், "அட்டையில சொன்னது உள்ளுக்க இல்லாட்டி அது ஏமாத்து" என்று, நூறா வருவாள் என்பதற்கு ஒரு சட்டி எருமைத் தயிர் பந்தயம் கட்டுகிறார். பந்தயம் ஹராம் என்று மர்சூக் சேர் அதற்கும் அரைப்பக்கம் எழுதி, தயிருக்கு ஆசைப்பட்டதாகக் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். சூறாவளிக்குப் பிறகு சனங்கள் நிவாரணம் தவிர வேறொன்றைப் பற்றிக் கதைப்பது இதுதான் முதல் தடவை. ஆசை காட்டினால் பாவமா, ஸுல்பி?

இன்னொன்று. அம்மாவுக்கும் கதையை வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து தினமும், "நூறா வருவாளாகா புள்ள?" என்று கேட்கிறா. ஓம், வருவாள் என்கிறேன். தம்பிக்கு முப்பத்தொண்டாம் நாள் மரணச் சடங்கு செய்ய அம்மா விடவே இல்லை. பகலில் அவன் சாப்பிடும் கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறா, பின்னேரம் காகத்துக்குக் கொட்டுகிறா. நீ எழுதும்போது இதையும் கொஞ்சம் மனதில் வை.

அன்பு மாறாத,
தங்கம்


பண்டாரவளை
20.05.1979

என் தங்கத்துக்கு,

இரண்டாம் பாகம் இத்துடன் வருகிறது. அம்மாவை நினைத்து நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். முடியவில்லையடி. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். காற்று முடிந்த பிறகும் மூச்சு உண்டு என்று எந்த முகத்தோடு எழுதுவேன்?

நூறா திரும்பவில்லை. தோணி மட்டும் பூமிக்கு வருகிறது. கூடப் போனவர்கள் அறுந்த கயிற்றின் மீதியைக் கொண்டுபோய் அவளுடைய உம்மாவின் கையில் கொடுக்கிறார்கள். உம்மா கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டுகிறா. அவ்வளவுதான் கதை. உன் வாக்கை நம்பியவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். அம்மாவுக்கு நான் வேறொரு நல்ல கதை எழுதித் தருகிறேன். இதை வாசித்துக் காட்டாதே.

ஓர் எழுத்தையும் மாற்றாமல் பிரதியெடு. உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

உன்,
ஸுல்பி


பெரியநீலாவணை
17.06.1979

அன்புள்ள ஸுல்பிக்கு,

கதை கிடைத்தது. பிரதியெழுதி முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் கண்ணீர் விழுந்து மை ஊறிவிட்டது. அந்தத் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

இரண்டாம் பாகம் வந்திருப்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் விடமாட்டா. நாளை வாசிப்பேன். வியாழக்கிழமை ஜவுபர் காக்கா வருவார், கொப்பியைக் கொடுத்துவிடுவேன். சுற்றி முடிந்ததும் வழமைபோல உனக்கு வரும்.

வேறு என்ன எழுத? குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள். உனக்குத் தொண்டை ஆகாது.

தங்கம்


பண்டாரவளை
09.09.1979

தங்கரத்தினம் அவர்களுக்கு,

கொப்பி வந்தது. கடைசிப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுத்து உங்களுடையது, கீழே பெயர் என்னுடையது, சங்கதி மட்டும் என்னுடையதல்ல.

கயிறு எங்கே? உம்மா எங்கே? கதவு திறக்கிறதாம், நூறா நிற்கிறாளாம், "உம்மா, பசிக்குது, சோத்தப் போடு" என்கிறாளாம்! செவ்வாய்க்குப் போய் ஒரு வருடம் காற்றில்லாமல் கிடந்தவள் வாசலில் வந்து சோறா கேட்பாள்? மர்சூக் சேர் வாசகர் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "விளம்பரத்துக்காக விஞ்ஞானத்தை விற்ற ஸுல்பிகா ரீச்சருக்கு என் அனுதாபம்." கதிர்காமனுக்குத் தயிர் போய்ச் சேர்ந்ததாம். எனக்குச் சேர்ந்தது வெட்கம்தான்.

பின்னட்டையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற என் கழுத்தை அறுத்தீர்கள். இருப்பது ஒரே பிரதி, அதில் எதை எழுதினாலும் அதுதான் கதை என்ற தைரியம் உங்களுக்கு.

ஜவுபர் காக்காவுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியிருக்கிறேன். "அந்த முடிவு நான் எழுதியதல்ல. நூறா திரும்பி வரவில்லை, வரவும் மாட்டாள்." கொப்பி போன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உரத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எம். ஸுல்பிகா


பெரியநீலாவணை
02.12.1979

ஸுல்பிகாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

கொப்பி போன வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அது உனக்கு நினைவு வரவில்லை. ஜவுபர் காக்கா சொன்ன சொல் தவறாதவர். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் வந்து, வாசலில் நின்று, நீ சொன்னபடி உரத்து வாசித்திருக்கிறார். வாசித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாராம். துணிமூட்டையை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வந்தபோது அம்மா தம்பியின் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"அப்ப சோறு கேட்டது நூறா இல்லையாகா?" என்று கேட்டா.

"எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள. அது என்ட மகன்ட பேச்சு. நீதான் எழுதி வச்சிரிக்காய்" என்றா.

கடற்கரையால் வந்து வாசலில் கால் வைக்கும்போதே அவன் சொல்வது அதுதான். "அம்மா, பசிக்குது, சோத்தப் போடு." எத்தனை நாள் நீயும் அந்த வாசலில் இருந்து கேட்டிருப்பாய். அதை நான் வாசித்த அன்று, ஏழு மாதத்துக்குப் பிறகு, அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டா. இரண்டு பிடி கூடக் கேட்டா. அதற்காக எத்தனை கதையை வேண்டுமானாலும் நான் கெடுப்பேன், ஸுல்பி. அது பிழையென்றால் பிழைதான். உன் பெயரை வெட்டிவிட்டு என் பெயரைப் போட்டிருக்க வேண்டும், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பிறகு அம்மா நீ எழுதியதை வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டுகிற இடம் வந்ததும், "ஓம், அப்பிடித்தான்" என்றா. போன மாதம் இருபத்திமூன்றாந் தேதி, சூறாவளி வந்து ஒரு வருடமான அன்று, தம்பிக்கு முப்பத்தொண்டும் ஆட்டைத் திவசமும் ஒரே நாளில் செய்தோம். உடம்பு கிடைக்காதபடியால் ஐயர் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து வைத்தார். அதைத் தொட்டு அம்மா அழுத அழுகை அடுத்த வளவுக்கும் கேட்டது. சோறு மூடி வைப்பதை விட்டுவிட்டா. சாப்பிடுவதையும் பாதி விட்டுவிட்டா.

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் புள்ளயோட கோவிக்காத. எல்லாரும் எனக்குப் பொய் சொன்னாங்க, அவள் ஒருத்திதான் நேராச் சொன்னவள்."

அம்மாவால் முடிகிறது. என்னால் முடியவில்லை. நீ எழுதியது உண்மைதான். அதை உரத்து வாசிக்கச் சொன்னாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் பாகம் எப்போது என்று பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள். மையும் தாளும் ஜவுபர் காக்காவிடம் கொடுத்திருக்கிறேன். வேறு யாரையாவது வைத்துப் பிரதியெடுத்துக்கொள். எனக்கு இனிக் கை வராது.

தங்கரத்தினம்


பண்டாரவளை
20.04.1980

என் தங்கத்துக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்திய இரண்டும் உன் கைக்கு வந்ததா என்று ஜவுபர் காக்காவிடம் கேட்டேன். வந்தது என்றார். அவர் இப்போது என்னோடு அதிகம் கதைப்பதில்லை.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது உங்கள் வீட்டு ஒழுங்கை வாசல் வரை வந்தேன். அம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. நன்றாக மெலிந்துவிட்டா. எனக்கு உள்ளே வரக் கால் வரவில்லை. வந்த வழியே கிறுகிப் போய்விட்டேன்.

"அம்மா, பசிக்குது, சோத்தப் போடு." அவன் சொல்லி எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். அவனோடு சேர்ந்து நானும் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கொப்பியில் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. எழுத்துக்காரி என்ற திமிர் கண்ணை மறைத்துவிட்டது. மர்சூக் சேர் என்ன நினைப்பார் என்று பார்த்தேன், உன் அம்மா என்ன நினைப்பா என்று பார்க்கவில்லை. என் மானம் பெரிதாகப் போய்விட்டது, தங்கம். எனக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்கவும் வெட்கமாயிருக்கிறது.

மூன்றாம் பாகத்தை நானே பிரதியெடுத்தேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. ஜவுபர் காக்காவிடம் கொடுத்து, முதலில் உன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். நீ வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, பின்பக்கம் திருப்பி ஒரு தரம் பார். பின்னட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அது உன்னுடைய இடம்.

வாசகர் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதற்கு முன்னால் நானே ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். எவ்வளவு காற்று மிச்சம் என்று கணக்குப் பார்க்காமல் எழுதினேன்.

"பிரதியெடுத்தவள் திரும்பி வருவாளா?"

காத்திருக்கும்,
ஸுல்பி