அளவு ரவிக்கை

ஆவுடையார்கோவில்
14-6-1960

அன்புள்ள மேரிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை நீ படிக்காமலே தாண்டிவிடுவாய். இருந்தாலும் கேட்கிறேன், நலமா? வார்டில் வேலை குறைந்ததா? இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

செவந்தி ஜனவரியில் இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள். முதுகுக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த பெல்ட் இப்போது இடது அக்குளில் ஏறிப் பிடிக்கிறது. இடுப்பில் உட்கார வேண்டிய தோல், விலா எலும்பில் உட்காருகிறது. வளருகிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வளர்த்தி நிற்கும்வரை முதுகுத்தண்டை வளையவிடாமல் பிடித்துக்கொண்டால் பிழைத்தோம், விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்றார். அவளுக்கு இப்போதுதான் பதின்மூன்று.

ஆனால் இப்போது வர முடியாது மேரி. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, கணக்குக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. இவருக்கு ஆபீசில் ஜமாபந்தி. மெட்ராஸ் வந்துபோக நாலு நாள் ஆகிவிடும். அளவைத் தபாலில் அனுப்பினால் போதாதா? கேட்டு எழுது.

கறம்பக்குடியிலிருந்து என் நாத்தனார் அழகம்மாள் வந்திருந்தார். பெல்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏத்தா சொர்ணம், புள்ளைக்கு வண்டிச் சக்கரத்துப் பட்டாவ மாட்டி விட்ருக்க?" என்றார். செவந்தி சும்மா இருக்கவில்லை. "வண்டி ஓடணும்ல அத்தை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

அன்புடன்,
சொர்ணவல்லி


மெட்ராஸ்
21-6-1960

அடி சொர்ணம்,

அந்த வரியைத் தாண்டவில்லை, படித்தேன். நலந்தான். வார்டில் வேலை குறைந்தால் நான் உனக்குத் தந்தி அடிக்கிறேன்.

வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். ஜனவரியில் செவந்தியை நிற்கவைத்து, சாந்துத் துணி சுற்றி அச்சு எடுத்தாரே, அவர்தான். "சிஸ்டர், கடுதாசியில வந்த முதுக நான் கண்டதில்ல. புள்ளைய வரச்சொல்லுங்க" என்றார். விடாமல் கெஞ்சினேன். "பழைய அச்சு பரண்ல கெடக்கு, திருத்திப் பாக்குறேன். ஒரு தடவதான். அளவு பிசகுனா என்னையக் கேக்கக் கூடாது" என்றார். டாக்டரும் அரைமனதாகத் தலையாட்டினார்.

அக்குள், மார், இடுப்பு, இடுப்பெலும்பு. நாலு இடத்திலும் நடுமுதுகிலிருந்து வலப்பக்கம் தனி, இடப்பக்கம் தனியாக அளக்க வேண்டும். டேப் வெறும் உடம்பில் படவேண்டும். கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே தோள்பட்டைகளின் உயரமும் வேண்டும்.

ஆனாலும் நீ வந்திருக்கலாம். காலேஜ் ஹாஸ்டலை விட்டு இருபது வருஷத்துக்கு அப்புறம் ஜனவரியில் பார்த்தோம், ஒரு காப்பி கூடச் சேர்ந்து குடிக்காமல் ரயிலுக்கு ஓடினாய்.

உன்,
அடைக்கலமேரி


ஆவுடையார்கோவில்
3-7-1960

அன்புள்ள மேரிக்கு,

அளவெடுக்கப் போனால் செவந்தி கையைத் தட்டிவிடுகிறாள். "என்னைய விடும்மா, ஒருநாளாச்சும் அளக்காம இரு" என்கிறாள். மூன்று நாள் பார்த்தேன். நான்காவது நாள் எனக்கே அலுத்துவிட்டது.

அதனால் இந்தப் பார்சலில் அவளுடைய அளவு ரவிக்கையை அனுப்பியிருக்கிறேன். எங்கள் தையல்காரர் ஆவுடையப்பன் தைத்தது, சுருக்கமில்லாமல் உடம்போடு நிற்கும். இந்தப் பக்கத்தில் யாரும் டேப் பிடிப்பதில்லை. நன்றாகப் பொருந்தின ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்து வெட்டிவிடுவார்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை அதிலேயே அளந்துகொள்ளலாம். இடுப்பெலும்பை மட்டும் அவள் தூங்கும்போது அளந்து சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உயரம் நாலடி பத்தே முக்கால்.

இது சரியா தப்பா என்று தெரியவில்லை. ஒன்றுமே அனுப்பாமல் இருப்பதைவிட ஏதோ ஒன்று அனுப்பினோம் என்று இருக்கிறது.

சொர்ணம்


மெட்ராஸ்
11-8-1960

என் சொர்ணத்துக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. வெள்ளைச்சாமி உன் ரவிக்கையை மேசையில் விரித்து, நடுவில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். "சிஸ்டர், இங்க வாங்க. வலமும் இடமும் கால் அங்குலங்கூட மாறல. ஜனவரியில ஒன்னே கா அங்குலம் வித்தியாசம். புள்ளைக்கு நேராயிட்டு வருது போலயே!" என்றார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அந்த அளவை டாக்டரிடம் காட்டி, புதுப் பெல்ட்டில் வலது விலாவை அழுத்துகிற திண்டை மெலிதாக்கி, இடது பக்கம் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். திருச்சிக்குப் போகிற ஒருவரிடம் பெல்ட்டைக் கொடுத்தனுப்புகிறேன். டாக்டருக்கு நம்பிக்கை முழுதாக வரவில்லை. திருச்சியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல்கிறார். எடுத்துவிடு. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

உன்,
மேரி


ஆவுடையார்கோவில்
30-8-1960

அன்புள்ள மேரிக்கு,

பெல்ட் வந்தது. செவந்தி போட்டுக்கொண்டாள். பழையது போல் கடிக்கவில்லை என்கிறாள். நேராகிவிட்டது என்று நீங்கள் எல்லோரும் சொன்னால் ஆகியிருக்கும். உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆத்மநாத சுவாமிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அவர் பேரும் அதுதான், அதனால் சுவாமியிடம் கொஞ்சம் உரிமை அதிகம்.

எக்ஸ்ரே காலாண்டுப் பரீட்சை முடிந்ததும்.

சொர்ணம்


ஆவுடையார்கோவில்
19-1-1961

மேரி,

காலாண்டும் போய் அரையாண்டும் போய், பொங்கல் விடுமுறையில்தான் திருச்சிக்குப் போனோம். போன ஜனவரியில் இருபத்தெட்டு டிகிரி இருந்த வளைவு இப்போது முப்பத்தொன்பது. ஃபிலிமைத் திருச்சி டாக்டரே உங்கள் டாக்டருக்கு அனுப்பிவிட்டார். அதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

தப்பு வெள்ளைச்சாமியுடையது இல்லை. அந்த ரவிக்கை பொய் சொன்னது. செவந்தியின் இடது முதுகு உள்வாங்கியிருப்பது தெரியாமலிருக்க, உள்பாடியில் பஞ்சு வைத்து நான்தான் தைத்துப் போடுகிறேன். தோளிலும் ஒரு திண்டு. அதன்மேல் பொருந்துகிற மாதிரிதான் ஆவுடையப்பன் ரவிக்கை வெட்டுவார். பள்ளிக்கூடத்துக்கும் விசேஷங்களுக்கும் போகும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டு அனுப்புவேன். மறைப்பதற்குத் தைத்ததை அளவு என்று அனுப்பினேன். பார்சலைக் கட்டும்போது இது எனக்குத் தெரியுமா? தெரியாது என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டேன். இன்று காலை வகுப்பில் கோணங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அதை மறுபடி சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆகஸ்டில் உன் கடிதம் வந்த அன்றைக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், நானும் சேர்ந்துகொண்டேன்.

இன்னொன்று. போன ஜூனில் மெட்ராஸ் வர எனக்கு லீவு கிடைக்காமல் இல்லை. போன ஜனவரியில் அச்சு எடுக்கும்போது வெள்ளைச்சாமி அவளைத் தொட்டுத் திருப்பி நிறுத்தினான். மெல்லிய பனியன் மட்டும் போட்டிருந்தாள். மரியாதையாகத்தான் தொட்டான், தாயி தாயி என்றுதான் பேசினான். நான் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் அது ஆண் கை என்பது மட்டும்தான் என்னை உறுத்தியதா? தோல் வேலை செய்கிற கை. ஊருக்கு வந்ததும் செவந்தியைத் தலை முழுகச் சொன்னேன். ஏன் என்றாள். ரயில் அழுக்கு என்றேன். பி.ஏ. படித்தவள், பிள்ளைகளுக்கு எல்லோரும் சமம் என்று பாடம் சொல்பவள். இது என்னுள் எங்கே இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சொர்ணம்


மெட்ராஸ்
25-1-1961

சொர்ணவல்லிக்கு,

ஃபிலிம் உன் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. டாக்டர் வெள்ளைச்சாமியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார். அளவு ரவிக்கையிலிருந்து எடுத்தது என்று ஏன் சொல்லவில்லை என்று பிறகு வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ள துணிய நடுவுல இழுக்கவா சிஸ்டர்?" என்றார். மறுநாள் உன் கடிதத்தின் முதல் பாதியை டாக்டரிடம் படித்தேன். இரண்டாவது பாதியை யாரிடமும் படிக்கவில்லை.

வெள்ளைச்சாமி என் சித்தப்பா மகன். எங்கள் அப்பா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார், சித்தப்பா சேரவில்லை. ஹாஸ்டலில் சேரும் பாரத்தில் என் அப்பாவின் தொழிலைத் தோல் வியாபாரம் என்று எழுதினேன். வியாபாரம் இல்லை, செருப்புத் தைத்தார். இரண்டு வருஷம் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாய். சொல்லியிருந்தால் எடுத்திருப்பாயா? அதை அறிய வேண்டாம் என்றுதான் அன்றைக்கும் சொல்லவில்லை, போன ஜனவரியிலும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷமும் நட்பில் நடந்ததா, என் பொய்யில் நடந்ததா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

பிள்ளைக்கு இதில் பங்கில்லை. பிப்ரவரி 6, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா. புது அச்சு எடுக்க வேண்டும். நாள் தள்ளாதே, ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம். அன்று நான் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன். நேரே பெல்ட் பட்டறைக்குப் போய் வெள்ளைச்சாமியைக் கேள்.

அடைக்கலமேரி


மெட்ராஸ்
6-2-1961

அன்புள்ள மேரிக்கு,

பட்டறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அச்சு காய்கிறது. செவந்தி பக்கத்தில் பன் சாப்பிடுகிறாள்.

வெள்ளைச்சாமி எங்களைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். "எங்க தாயி கடிக்குது?" என்று கேட்டதுதான், அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டில் சுவரில் சாய்ந்தால் குத்துகிறதாம். சாயங்காலப் பாட்டு வகுப்பில் பெல்ட்டோடு மூச்சை இழுக்க முடியாமல் வாயை மட்டும் அசைக்கிறாளாம். உள்பாடிப் பஞ்சு வேர்வையில் நாறுகிறது என்று யாரோ சொன்னதில் ஒரு வாரம் தனியாக உட்கார்ந்தாளாம். ஒரு வருஷமாக இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. "பாட்டுக்குன்னு நெஞ்சுக்கு முன்னால தோல வெட்டி ஒரு சன்னல் வச்சுருவோம். ஆனா அதுக்குப் பதிலா நீ ராப்பகலா மாட்டணும். பள்ளிக்கூடத்துக்கும்தான். சரியா?" என்றார். "அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

சாந்துத் துணி சுற்றும்போது என்னைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வந்து இடுப்ப அசையாமப் புடிங்கம்மா." பிடித்தேன். என் கைகளும் அவர் கைகளும் ஒரே ஈரத்தில் இருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அளவு ஓடிரும்மா, பேச்சு பெறகு" என்றார். வேலை முடிந்தது. பெறகு என்பது வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

ஏறிய பதினொரு டிகிரியும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இனி ஏறாமல் பிடிக்கலாமாம். அதைச் செவந்தியிடம் அவரே சொன்னார், நான் சொல்லத் தயங்கினதால். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் யோசித்தேன். எடுத்திருப்பேனா? ஆமாம் என்று எழுதக் கை வருகிறது. ஹாஸ்டலில் நானாக இருந்த அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்காக நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

இதை வெள்ளைச்சாமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது மே 8. நானே கூட்டி வருவேன். அன்றைக்கு நீ டியூட்டியில் இருப்பாயா என்று அவரிடம் கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். தெரிந்தும் உனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சொர்ணம்