என் கையெழுத்துதான்

லா தேஹா, மொன்தெவிதேயோ
1988 டிசம்பர் 20

அன்புள்ள சுல்மா டீச்சருக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் இருக்கும் எர்மெலிந்தா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்களுக்காக ஒரு பத்து மணி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்வீடனில் இந்த மாதத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வெயில் தகரக் கூரையை உருக்குகிறது. நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது. இந்த வெயிலில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் வில்மார் சிரித்தார். ஜூன் மாதக் குளிரில் அவர்தான் முதலில் கேட்பார்.

அவருக்கு முழங்கால் வலி குறையவில்லை. இறைச்சி ஆலையின் ஈரத் தரையில் இருபத்தெட்டு வருஷம் நின்ற கால். உங்கள் வீட்டில் இப்போது ஒரு தையற்காரர் குடும்பம் இருக்கிறது. எலுமிச்சை மரத்தை வெட்டவில்லை. கேட்டால் பழம் தருகிறார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பட்டாளத்தார் தங்கள் ஆட்சியில் செய்ததை யாரும் விசாரிக்கக் கூடாது என்று, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களே சட்டம் போட்டது உங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விடவேண்டுமானால் வாக்காளரில் நான்கில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். போன வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் இரண்டு பெண்கள் தாளோடு நின்றார்கள். நானும் போட்டேன். வில்மாரிடம் சொன்னபோது மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, "உனக்கெதுக்குடி இந்த வேலை? பென்ஷன் வர்ற நேரத்துல பேரைக் கொண்டுபோய் ஒரு பட்டியல்ல மாட்டிட்டு வந்திருக்கே" என்றார்.

இந்த மாதம் வேறொரு பட்டியல் வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தேர்தல் நீதிமன்றம் ஆயிரக்கணக்கான பேரைக் குறித்திருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்றே நாளில் நேரில் வந்து, என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டும். வராதவர்களின் கையெழுத்து கணக்கில் சேராது. அதில் என் பெயரும் இருந்தது. "நல்லதாப் போச்சு, நீ வீட்டுலயே இரு, அது தானா கழிஞ்சுரும்" என்றார் வில்மார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே போகவில்லை. ஞாயிற்றுப் பூசையில் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. நேற்று, கடைசி நாள், அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

வாக்காளர் அட்டை எடுத்தபோது எனக்கு இருபது வயது. எழுதப் படிக்கத் தெரியாது. குமாஸ்தா எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பெயரைப் படம் போல வரைந்து கொடுத்தேன். பிறகுதான் செபப் புத்தகத்தையும் மாவுப் பையையும் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டக் கற்றேன். வீட்டுக் கணக்கு எழுதி எழுதிக் கை பழகியது. அதனால்தான் அட்டையில் ஒரு கை, தாளில் இன்னொரு கை.

வரிசை தெருமுனைவரை நின்றது. எனக்கு முன்னால் செர்ரோவிலிருந்து வந்த ஒரு மீன்காரம்மா. வெந்நீர்க் குடுவையும் மாத்தேயும் கொண்டுவந்திருந்தாள். உறிஞ்சிவிட்டு, மறுபடி ஊற்றி என்னிடம் தருவாள். "நான்தான் நான்னு சொல்றதுக்கு மூணு மணி நேரமா நிக்கிறேன். எங்க வீட்டுக்காரரே முப்பது வருஷமா நான் சொல்ற எதையும் நம்புறதில்ல, இவங்களா நம்பப்போறாங்க" என்று அவள் சொல்ல, முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேசைக்குப் போய், என்னுடையதுதான் என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் கை தட்டினார்கள். கல்யாண வீடு போல இருந்தது, டீச்சர்.

என் முறை வந்தது. கண்ணாடி போட்ட குமாஸ்தா அட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கைன்னு எப்படிம்மா எடுத்துக்கிறது? இந்தக் கையெழுத்துல வேற எங்கயாவது போட்டிருக்கீங்களா? வீட்டுப் பத்திரம், பாங்கு, ஏதாவது?" என்று கேட்டார். எனக்குப் பாங்கு கிடையாது. வீடு வில்மார் பெயரில். யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது.

1976 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மரியாதையான ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது ஓட்டு இல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்டார். எழுபத்து மூன்றாம் வருஷ வேலை நிறுத்தத்தில், உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு அடுத்த வீட்டு டீச்சர் சூப்பு கொண்டுபோனாரா என்று. எனக்குப் பொய் சொல்ல வராது. ஆமாம், ஓர் அண்டா நிறையக் கொண்டுபோனார், நான் பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டு நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அழகான கையெழுத்தும்மா. எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். நானே கற்றது என்றேன். அன்றைய கணக்கு நோட்டில் ரொட்டி, மண்ணெண்ணெய்க்குக் கீழே, "என் கையெழுத்து அழகு என்றார்கள்" என்று எழுதியிருக்கிறேன். இன்றும் இருக்கிறது.

எட்டாம் நாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பதினான்கு மாதம் கழித்து நீங்கள் திரும்பி வந்தபோது நான் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தேன். உங்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை. நான் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன், நீங்கள் நன்றி சொன்னீர்கள். ஸ்வீடனுக்குப் போன பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அட்டையிலும் "என் நல்ல அண்டை வீட்டுக்காரிக்கு" என்றுதான் எழுதுகிறீர்கள். அந்தச் சாட்சியைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "நீ பொய் சொல்லலையே மகளே, அப்புறம் எதுக்குப் பாவமன்னிப்பு?" என்று அனுப்பிவிட்டார்.

நேற்று அந்த மேசைக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டேன். ஒரு காகிதம் இருக்கிறது, பட்டாளத்தார் கோப்பில் இருக்கிறது, அடுத்த வீட்டு டீச்சரைப் பற்றி நான் கொடுத்த சாட்சி, அதில் இதே கையெழுத்து என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் வேண்டாம்மா, கட்டைவிரலை வைங்க" என்றார். வைத்தேன். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய ரேகையோடு சரியாக இருந்தது. என்னுடையதுதான் என்றேன். யாரும் கை தட்டவில்லை.

வெளியே மீன்காரம்மா நின்றிருந்தாள். மாத்தேயில் வெந்நீர் ஊற்றி, என்னைத் தாண்டிப் பின்னால் நின்ற ஆளிடம் நீட்டினாள்.

இப்போது உங்களுக்குத் தெரியும்.

எர்மெலிந்தா


1989 ஏப்ரல் 18

அன்புள்ள டீச்சருக்கு,

மேலே உள்ள கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நான்கு மாதமாகச் செபப் புத்தகத்தில் இருக்கிறது. கையெழுத்துகள் போதுமான அளவு தேறிவிட்டன, ஓட்டெடுப்புக்கு நாளும் குறித்துவிட்டார்கள். ஜெயித்த செய்தியோடு சேர்த்து அனுப்பினால், படிக்கும்போது உங்கள் மனம் கொஞ்சம் இளகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போட்டதற்கும் வெட்கப்படுகிறேன்.

நேற்று முன்தினம் ஓட்டெடுப்பு முடிந்தது. தோற்றுவிட்டோம். சட்டத்தை நீக்கச் சொன்ன பச்சைச் சீட்டு எங்கள் தெருவில் ஜெயித்தது, நகரத்திலும் ஜெயித்தது. வெளியூர்களில் மஞ்சள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மஞ்சள். உங்களை அடைத்து வைத்தவர்கள் இனி சந்தைக்கும் பூசைக்கும் நிம்மதியாக வருவார்கள். வில்மார் எந்தச் சீட்டுப் போட்டார் என்று சொல்லவில்லை. இரவு ரேடியோவை அணைத்துவிட்டு, "இனியாவது வீட்டுல பேசாம இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மஞ்சள் போட்டவர்கள் மேலும் வரவில்லை. ஒரு மரியாதையான ஆள் வந்து உட்கார்ந்து கேட்கும்போது, வந்தவர் திருப்தியாக எழுந்து போனால் போதும் என்று மனுஷர் நினைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் கடிதத்திலும் ஒன்றை விட்டுவிட்டேன், டீச்சர். மேசைக்கு முன்னால் அவ்வளவு பேர் கேட்கச் சொன்னபோதும் அதை விட்டுவிட்டேன். சாமியாரிடமும் சொல்லவில்லை.

அந்த அண்டா என்னுடையது. பீன்ஸில் பாதியும் என்னுடையது. காய்கறியை என் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் நறுக்கினோம். ஆலையில் தம்பி இருக்கிறான் என்று நீங்கள் அழுதபோது, அழாதீங்க, உப்பு அதிகமாகிவிடும் என்று நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. அதிகாரி என்னிடம் அண்டா யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று பதின்மூன்று வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்டா யாருடையது என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்காமல் விடுகிறவர்கள் இல்லை. பதினான்கு மாதம் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

நீங்கள் திரும்பி வந்த அன்று ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும்போதே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. உங்கள் விரல்களைப் பார்க்காமல் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வயதாகிறது, குளிர் நாட்டில் தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அதைக் கேட்கவும் நான் யார். மாதா உங்களையும், உங்கள் கைகளையும் காக்கட்டும்.

பதில் எழுத மனம் இல்லாவிட்டால், ஓர் உறையின் மேல் என் முகவரியை மட்டும் எழுதிப் போடுங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பெரேஸ் வீட்டு எர்மெலிந்தா