அடைக்காமல் விட்ட ஓட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது வருகிறது, நான் வேலை சொன்னாலும் வருகிறது. கொல்லையும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாண்டு பக்கத்தில் இருந்தால் இதைச் சத்தம் போட்டுப் படிக்காதே, காரணம் கீழே வருகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் வாண்டு போனில், தாத்தா உங்க கொல்லையில என்னல்லாம் இருக்கு என்று கேட்டாள். துணிக்கொடி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்றேன். உயிரோட எதுவும் இல்லையா என்றாள். முப்பத்திரண்டு வருஷம் தானியக் கிடங்குக்குள் எலி, குருவி, பூச்சி எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். தினமும் மாலை பதிவேட்டில் 'உயிர் நடமாட்டம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன். வீட்டையும் அதே லட்சணத்தில் வைத்திருக்கிறேன் என்பது குழந்தை கேட்டபோதுதான் உறைத்தது. சரி, விரட்டத் தெரிந்தவனுக்கு அழைக்கவா தெரியாது என்று இறங்கினேன். இத்தனை வருஷம் விரட்டின ஆளு கூப்பிட்டா எது வரும், அதுங்க வீட்டுல உங்க போட்டோவ மாட்டி வச்சிருக்கும் என்றாள் உன் அம்மா. நான் பொருட்படுத்தவில்லை.

முதலில் மரப்பலகையில் ஒரு குருவிப் பெட்டி செய்தேன். நானே சொல்லக்கூடாது, நேர்த்தியான வேலை. பக்கத்தில் தண்ணீர்த் தட்டும் தானியமும் வைத்தேன். தினமும் காலையில் தட்டை ஃபினாயில் விட்டுக் கழுவினேன், சருகு ஒன்று விடாமல் பெருக்கினேன், புல்லை ஒட்ட வெட்டினேன். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிப்பெடுத்தேன். பத்தொன்பது நாளும் 'உயிர் நடமாட்டம் இல்லை' என்றே எழுதினேன், பழக்கதோஷம், எழுதும்போதெல்லாம் ஒரு திருப்தியும் வந்தது. இருபதாம் நாள் அடுத்த வீட்டுத் தையல்காரர் மதில்மேல் சாய்ந்துகொண்டு, சார் நீங்க எழுந்து போனதும் குருவிங்க வருதுங்க, வெளிய நின்னு உள்ள எட்டிப் பார்த்துட்டுப் போகுதுங்க, ஜெயில்ல ஆளப் பார்க்க வந்த மாதிரி என்றார். போய்ப் பார்த்தால் பெட்டியின் வாசலுக்கு நான் கம்பி வலை அடித்திருக்கிறேன். எப்போது அடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. விரல் நுழையும் இடத்தைக் கண்டால் அடைத்துப் பழகிய கை. வலையைப் பிடுங்கினேன், ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி ஊர்க் குருவிகள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டன. இப்போது அதில் அம்மா துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.

இதற்கிடையில் வாண்டு ஞாயிறுதோறும் குருவி வந்துடுச்சா என்று கேட்டாள். இரண்டு முறை இல்லை என்றேன். மூன்றாம் முறை அவள் குரல் இறங்கிப்போனது, அதைத் தாங்காமல் ஒரு ஜோடி வந்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் மூன்று முட்டையும் இட்டுவிட்டேன். போன ஞாயிறு நீ, இரண்டு வாரத்தில் மூவரும் வருகிறோம், குஞ்சைப் பார்க்க இவ இப்பவே பையைக் கட்டிட்டா என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மனசு சரியில்லாமல், மிச்சமிருக்கும் வேலையாவது முடிப்போம் என்று சிமெண்ட் குழைத்தேன். குழாய்க்காரர் போன மாதம் பழைய குழாயைப் பிடுங்கியதில் குளியலறையின் வெளிச்சுவரில் ஒரு ஓட்டை. பெட்டியைக் காவல் காத்ததில் அதை அடைக்க மறந்திருந்தேன். கரண்டியைச் சுவருக்குக் கொண்டுபோன நேரம் உள்ளேயிருந்து ஒரு குருவி என் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வைக்கோல், அம்மாவின் பழைய புடவை நூல், இரண்டு முட்டை. என் கை அப்போதும் கரண்டியை இறக்கவில்லை. மறு கையால்தான் பிடித்து இறக்கினேன். ஓட்டைய அடைச்சாச்சா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். இல்லை, ஆள் இருக்கு என்றேன். குழைத்த சிமெண்டை வைத்துத் துவைக்கிற கல்லின் உடைந்த மூலையைப் பூசினேன், அம்மா நாலு வருஷமாகக் கேட்டது.

வாண்டிடம் நீ எதுவும் சொல்லாதே, நானே வரும் ஞாயிறு சொல்லிவிடுகிறேன். குருவி பெட்டியில் இல்லை, சுவரில். முட்டை மூன்று இல்லை, இரண்டு. தாத்தா கூப்பிட்டு வரவில்லை, தாத்தா மறந்துபோனதால் வந்தது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பிரயாணத்தில் வெளித் தண்ணீர் குடிக்காதீர்கள். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். வந்ததும் முக்கியமாக, குளியலறைக் கதவைப் படாரென்று சாத்தாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம்.

இன்று மாலை நோட்டில் எழுதியது: உயிர் நடமாட்டம் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா